வயிற்றுக்குள் நின்றுபோன காமிரா

அவளுக்கு ரத்தம் குறைந்துவிட்டது என்று முதலில் கண்டுபிடித்தவர் டாக்டர் இல்லை, ஒரு சலூன்காரர்.

அவர் டிரைவிங் ஸ்கூலில் அவளிடம் கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார். மூன்று முறை தேர்வில் தோற்று, நான்காவது முறைக்கு முட்டிமோதிக்கொண்டிருந்தவர். சிக்னலில் வண்டி நின்றபோது, "கண்ணாடியப் பாருங்க" என்றாள். பின்னால் வருகிற வண்டியைப் பார்க்கச் சொன்னால், மனுஷன் பக்கத்தில் இருந்த அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்க டீச்சர். உங்க உதடும் கன்னமும் ஒரே நிறமா இருக்கு. முப்பது வருஷமா மூஞ்சியப் பார்த்தே பிழைக்கிறவன் நான். வகிட்டுப் பக்கம் முடியும் கொட்டியிருக்கு. ஒரு தடவை ரத்தம் பார்த்துடுங்க."

"பச்சை விழுந்தாச்சு. முதல்ல ரோட்டப் பாருங்க."

அப்படித்தான் பதில் சொன்னாள். ஆனால் அன்று காலை மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்கியது அவளுக்கு ஞாபகம் வந்தது. பதினாறு படி. போன வருஷம் வரை அதை இரண்டிரண்டாகத் தாவி ஏறிக்கொண்டிருந்தாள்.

வயது நாற்பத்தைந்து. காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று வீட்டில் சொல்வார்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பட்டன் தொழிற்சாலையில் எண்ணும் மேஜையில் வேலை. மணி அடிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. எட்டு மாதத்தில் அதை உதறிவிட்டு ரொட்டி வேன் ஓட்டப் போனாள். அங்கே பத்து வருஷம். பிறகு டிரைவிங் ஸ்கூல், அது பதினோரு வருஷம். மாணவர் பக்கத்து இருக்கையில் அவள். அவள் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச். முன்னால் சைக்கிள் வந்தாலும் நாய் குறுக்கே வந்தாலும் மாணவருக்கு முன்பே அவள் வலது கால் பிரேக்கில் இருக்கும். அதனால் 'பிரேக் டீச்சர்' என்றே பேர் விழுந்துவிட்டது. அந்தக் கால் ராத்திரி தூக்கத்திலும் கட்டிலின் கடைசிப் பலகையை மிதிக்கும். கணவர் பாதித் தூக்கத்தில், "வண்டி நின்னாச்சு, தூங்கு" என்பார்.

கணவருக்கு ஜெராக்ஸ், பைண்டிங் கடை. நிதானத்துக்கு ஒரு உருவம் கொடுத்தால் அவர்தான். ஒரு வாய் ரொட்டியை அவர் மென்று முடிப்பதற்குள் இவள் சாப்பிட்டு, தட்டைக் கழுவி, செருப்பை மாட்டியிருப்பாள். இவள் சாப்பாடே நின்றபடிதான். மதியம் இரண்டு வகுப்புக்கு நடுவே ஏழு நிமிஷம். காரின் பானட்டில் டப்பாவை வைத்து, பாதியை மென்றும் பாதியை விழுங்கியும் முடித்துவிடுவாள்.

வீட்டில் மூன்றாவது ஆள் நாத்தனார், கணவரின் அக்கா. மாடி அறையில் துணி ஆல்டரேஷன் செய்கிறவர். துணி வெட்டும் கத்தரியைவிட அவர் வாய் கூர்மை என்பது இவள் கருத்து. "எங்க வீட்டுக்கு வந்த நாள்லேருந்து இவ ஒரு இடத்துல உட்கார்ந்து நான் பார்த்ததில்ல" என்பது அவர் கருத்து. இரண்டும் உண்மைதான்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஏழு என்று வந்தது. இரும்புச் சத்து அடிமட்டத்தில் இருந்தது. மலத்தைச் சோதித்ததில், கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருப்பதாக எழுதியிருந்தார்கள்.

"எங்கேயோ கசியுது. வலி இல்லாம, சத்தம் இல்லாம" என்றார் வயிற்று டாக்டர். குள்ளமான அம்மா. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, எதிரில் இருப்பவரை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுவார். "எங்கேன்னு கண்டுபிடிக்கணும்."

வாய் வழியாக ஒரு குழாய் விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாய், இரைப்பை எல்லாம் சுத்தம். அடுத்த வாரம் கீழ்வழியாக ஒரு குழாய். பெருங்குடலும் சுத்தம்.

"மேலேருந்து ஒரு கை நீளம் பார்த்தாச்சு, கீழேருந்து ஒண்ணரை மீட்டர் பார்த்தாச்சு. நடுவுல சிறுகுடல் ஆறு மீட்டர் பாக்கி இருக்கு. அங்க குழாய் சுலபமாப் போகாது. அதனால ஒரு காமிராவை முழுங்க வைக்கப்போறேன்."

"காமிராவையா?"

"மாத்திரை மாதிரிதான். கொஞ்சம் பெரிசு. அது பாட்டுக்கு உள்ள போகும், நொடிக்கு ரெண்டு மூணு படம் எடுக்கும், தானா வெளிய வந்துடும். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்."

ஒன்றும் பண்ண வேண்டாம் என்பதுதான் அவளுக்குப் பிடிக்காத வைத்தியம்.

ஒரு படிவம் கொடுத்தார்கள். சர்க்கரை உண்டா, அறுவை சிகிச்சை நடந்ததா, வலி மாத்திரை வழக்கமாக எடுக்கிறீர்களா. பேனா அந்த மூன்றாவது கேள்வியில் கொஞ்சம் தயங்கியது. பிறகு 'இல்லை' என்ற கட்டத்தில் கோடு போட்டாள்.

அது பொய். ஆறு வருஷமாகக் காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள். பிரேக் மேலேயே தூக்கி வைத்திருந்த வலது முட்டி தேய்ந்து, மாத்திரை இல்லாமல் மடங்காது என்ற நிலைக்கு வந்திருந்தது. டிரைவிங் ஸ்கூலில் வருஷத்துக்கு ஒரு முறை உடல் தகுதிச் சான்று கேட்பார்கள். முட்டி போச்சு என்று தெரிந்தால் அந்த இருக்கையில் உட்கார விடமாட்டார்கள். அதனால் கடைக்குக் கடை மாறி வாங்கினாள், கணவருக்குக்கூடத் தெரியாமல். நாளடைவில் அதை அவள் மருந்தாகவே நினைப்பதை விட்டுவிட்டாள். டீ குடிப்பது மாதிரி ஒரு பழக்கம், அவ்வளவுதான். வயிற்றுக்கும் முட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

காமிரா முழுங்கிய நாள் சலூன்காரரின் தேர்வு நாளாகவும் அமைந்துவிட்டது.

காலை ஏழரைக்கு வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரியில் நின்றாள். கழுத்தில் பேனாவைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த ஒரு நர்ஸ், ஆண், நல்ல உருட்டுக்கட்டை உடம்பு, அவள் இடுப்பில் ஒரு அகலப் பட்டையைக் கட்டி, அதன் பக்கவாட்டில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டினார். பெட்டியில் நீல விளக்கு சிமிட்டியது. மாத்திரையின் நுனியிலும் வெள்ளை வெளிச்சம் விட்டுவிட்டு அடித்தது.

"ஒரே மடக்கு. கடிச்சுடாதீங்கம்மா, விலை ஜாஸ்தி."

முழுங்கினாள். தொண்டையைத் தாண்டியதோடு சரி, அதற்கப்புறம் ஒன்றும் தெரியவில்லை.

"இரைப்பைக்குப் போயிடுச்சு" என்றார் நர்ஸ், கையிலிருந்த சின்னத் திரையைப் பார்த்து. "தொண்டையிலேருந்து அங்க போக பத்து செகண்ட் கூட ஆகாது. நீங்க தலைகீழா நின்னு முழுங்கினாக்கூடப் போயிடும். குழாய் தானே பிதுக்கிப் பிதுக்கித் தள்ளிவிடும். ஒரு மணி நேரம் இருங்க, கதவைத் தாண்டுதான்னு பார்த்துட்டு அனுப்பறேன்."

"எந்தக் கதவு?"

"இரைப்பைக்குக் கீழ ஒரு கதவு இருக்கும்மா. கண்டதையும் உள்ள விடாது. சோறோ ரொட்டியோ, கூழா ஆனாத்தான் கொஞ்சம் கொஞ்சமாத் திறந்து விடும்."

ஒரு மணி நேரம் அந்தத் தாழ்வாரத்தில் அவள் இருபது தடவை நடந்தாள். உட்கார்ந்தால் கால் ஆடியது. பக்கத்தில் இருந்த ஒருவர் தன் பெஞ்சே அதிர்கிறது என்று எழுந்து போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து நர்ஸ் திரையைக் காட்டினார்.

ஈரமான இளஞ்சிவப்புச் சுவர்கள். மடிப்பு மடிப்பாக இருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சுவர் அலை மாதிரி எழுந்து நெருங்கி, அழுத்தி, விலகியது. காமிரா புரண்டது. மறுபடி சுவர் வந்தது.

"இது நானா?"

"நீங்கதான். பிசையுது பாருங்க, மாவு பிசையிற மாதிரி. வயித்துல ஒண்ணுமே இல்லன்னாலும் சும்மா இருக்காது. உங்கள மாதிரியே போலிருக்கு" என்று சிரித்தார். "ஆனா இன்னும் இங்கயேதான் சுத்துது. கொஞ்சம் நடந்துட்டு வாங்க."

அவள் நடந்தாள். இன்னும் முக்கால் மணி நேரம். சுவரில் மாட்டியிருந்த குடல் படத்தை நின்று பார்த்தாள். தன் வாழ்நாளில் எத்தனை டப்பா ரொட்டியை இந்தப் பைக்குள் மெல்லாமல் தள்ளியிருப்போம் என்று நினைத்தாள். பல் செய்ய வேண்டிய வேலையையும் சேர்த்து, பாவம், இது செய்திருக்கிறது.

மறுபடி திரையைப் பார்த்தபோது காட்சி மாறியிருந்தது. வழவழப்பான சுவர் போய், குளியல் துண்டின் மேற்பரப்பு மாதிரி நுண்ணிய இழைகள் அசைந்துகொண்டிருந்தன.

"தாண்டிடுச்சு! இதுதான் சிறுகுடல். அந்த ஒவ்வொரு இழையும் ஒரு வாய்ம்மா. சத்தை உறிஞ்சி ரத்தத்துக்கு அனுப்பறது இதுங்கதான். இதுக்கு மேல இங்க உங்களுக்கு வேலை இல்ல. வீட்டுல ஓய்வா இருந்துட்டு சாயங்காலம் பெட்டியைக் கொண்டுவந்து குடுங்க. நீல விளக்கு சிமிட்டிட்டே இருக்கணும். பதினொண்ணு வரைக்கும் தண்ணி குடிக்காதீங்க."

ஓய்வாக இருங்கள் என்றதும் அவள் நேரே பஸ் பிடித்துத் தேர்வு மைதானத்துக்குப் போனாள்.

சலூன்காரர் அங்கே வியர்த்து வழிந்துகொண்டு நின்றார். அவளைப் பார்த்ததும் உயிர் வந்தது. பிறகு அவள் சட்டைக்குள்ளிருந்து நீல வெளிச்சம் அடிப்பதைப் பார்த்ததும் பாதி உயிர் போய்விட்டது.

"டீச்சர், என்ன இது? குண்டா?"

"காமிரா. உள்ள போயிட்டிருக்கு."

"இப்பவா? எத்தனாவது கியர்ல?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் காமிரா ஆடுமோ என்று அடக்கிக்கொண்டாள். அன்று அவர் வண்டியைப் பின்னால் எடுத்து கம்பங்களுக்கு நடுவே நிறுத்தும்போது, அவள் கம்பி வேலிக்கு வெளியே நின்று, வலது காலால் மண்ணை மிதித்து மிதித்துக் குழி பறித்துவிட்டாள். பாஸ். சலூன்காரர் காரை விட்டு இறங்கியதும் அழுதுவிட்டார். "இனிமே உங்க முடிக்கு நான் காசு வாங்க மாட்டேன்" என்றார். அந்தக் குழியை மிதித்ததில் முட்டி கனலாக எரிந்தது. பன்னிரண்டு மணிக்கு, தண்ணீர் குடிக்கலாம் என்ற நேரம் தாண்டியதும், பையைத் துழாவி வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது நர்ஸ், "ஒண்ணு ரெண்டு நாள்ல மாத்திரை வெளிய வந்துடும். கவனிச்சுப் பாருங்க. வந்ததும் ஒரு போன் போடுங்க" என்றார்.

அதற்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது.

முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாள் வரவில்லை. மூன்றாம் நாள் காலை கணவர் குளியலறை வாசலில் நின்று, தொண்டையைச் செருமி, "அது... வந்து... அந்த விஷயம்..." என்றார். இருபது வருஷக் குடும்பத்தில் அந்த ஒரு வார்த்தை மட்டும் அவர் வாயில் வந்ததில்லை.

"வரலைங்க."

"சரி சரி. அவசரம் ஒண்ணுமில்ல."

நாத்தனாருக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. மாடியிலிருந்தே குரல் கொடுப்பார். "என்னம்மா, வந்துச்சா இன்னைக்காவது?" ஜன்னல் திறந்திருக்கும். தெருவில் பால் பாக்கெட் போடுகிறவர் நிமிர்ந்து பார்ப்பார்.

அவள் வகுப்பு எடுத்தாள், ஆனால் கவனம் ரோட்டில் இல்லை. அடிவயிற்றில் லேசாகக் கொக்கி போட்டு இழுத்தது மாதிரி ஏதாவது தோன்றினால், அதுதானோ என்று நினைப்பாள். ஒரு நாள் ஒன்றுமில்லாத ரோட்டில் பிரேக்கை மிதித்து, பின்னால் வந்த ஆட்டோக்காரரிடம் வண்டை வண்டையாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். ராத்திரி படுத்தால் கண் மூடாது. இருட்டில் தன் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு கிடப்பாள். உள்ளே எங்கோ ஒரு மூலையில் அந்தக் காமிரா வெளிச்சம் தீர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எங்கே? ஏன்?

ஆறாம் நாள் டாக்டர் கூப்பிட்டனுப்பினார். கணவருக்குக் கடையில் பரீட்சை நேரத்துக் கூட்டம். நாத்தனார் கூட வந்தார். வேண்டாம் என்று இவள் மூன்று முறை சொல்லியும் வந்தார்.

டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். துண்டு மாதிரி அசைந்த இழைகள் வரிசையாக வந்தன. பிறகு ஓரிடத்தில் இழைகளே இல்லாமல், வட்டமாக ஒரு வெள்ளைத் தழும்பு, நடுவில் பென்சில் நுழையுமளவு ஓட்டை. ஓரத்தில் புண். அதிலிருந்து சிவப்பாக ஒரு கோடு வடிந்துகொண்டிருந்தது.

"இதுதான் உங்க ரத்தம் போற வழி" என்றார் டாக்டர். "சிறுகுடலோட கடைசிப் பகுதி. புண் வந்து ஆறி, மறுபடி வந்து ஆறி, மோதிரம் மாதிரி சுருங்கிப்போயிருக்கு. இதுக்கப்புறம் நாலு மணி நேரப் படம் இருக்கு. எல்லாமே இதே இடம். காமிராவால அந்த ஓட்டைக்குள்ள நுழைய முடியல."

"இவ்வளவு நாளா சாப்பாடு போச்சே?" என்றாள் அவள்.

"அங்க வர்றப்போ சாப்பாடு தண்ணி மாதிரிதாம்மா இருக்கும். அது போயிடும். மாத்திரை கெட்டியான பொருள், எப்படிப் போகும்?" டாக்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இந்த மாதிரி மோதிரத்தை நான் முக்கியமா ஒரு கூட்டத்துக்கிட்டதான் பார்த்திருக்கேன். வலி மாத்திரை வருஷக்கணக்கா எடுக்கிறவங்க. நீங்க எடுக்கிறதில்லன்னு எழுதியிருக்கீங்க."

"இல்ல டாக்டர்."

வாய் தானாகவே சொல்லிவிட்டது. நாத்தனார் தன் கைப்பையைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேஜையில் வைத்தார். உறை நிறையக் காலி மாத்திரை அட்டைகள்.

"கார்ப்பெட் அடியிலயும், குப்பைக் கூடையில காகிதத்துக்குள்ள சுத்தியும் கிடந்தது. ரெண்டு மாசமாச் சேர்த்து வெச்சேன் டாக்டர். அதுக்கு முன்னாடி எத்தனையோ."

அவளுக்கு முகம் கொதித்தது. எழுந்து வெளியே போய்விட வேண்டும் போலிருந்தது. கால் துடித்தது. ஆனால் போகவில்லை.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இதை நீங்க முன்னாடியே சொல்லியிருந்தா" என்றார் மெதுவாக, "முதல்ல உள்ளயே கரைஞ்சுபோற ஒரு வெத்து மாத்திரையைக் குடுத்து, வழி இருக்கான்னு பார்த்துட்டுத்தான் காமிராவை அனுப்பியிருப்பேன்."

இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். அங்கே நின்றதும் இவள் வெடித்தாள்.

"என் குப்பையக் கிளறுறதுதான் உங்களுக்கு வேலையா அண்ணி? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? ஊரான் முன்னாடி என்னத் திருடி மாதிரி நிக்க வெச்சிட்டீங்களே!"

"கேட்டேன். போன வருஷம், 'முட்டி வலிக்குதா, ஏன் விந்தி நடக்கிற'ன்னு கேட்டேன். 'உங்களுக்கு வேற வேலை இல்லையா அண்ணி'ன்னு சொன்ன." நாத்தனாரின் குரல் உடைந்தது, அப்படி உடைந்து இவள் கேட்டதே இல்லை. "தம்பிகிட்ட சொன்னா ரெண்டு பேருக்கும் சண்டை வரும். உன்கிட்ட சொன்னா நீ நிக்க மாட்ட, வண்டியை எடுத்துட்டுப் போயிடுவ. நான் என்ன பண்ணுவேன்? சேர்த்து வெச்சேன்."

பஸ் வந்தது. இருவரும் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில்தான் ஏறினார்கள்.

வலி மாத்திரை அன்றே நின்றது. புண் ஆற ஒரு மருந்து கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தால் காமிரா தானே நழுவி வரலாம், இரண்டு வாரம் பார்ப்போம் என்றார் டாக்டர். அதுவரை சூப், கூழ், மசித்த பழம். கெட்டியாக ஒன்றும் கூடாது. வயிறு உப்பி, வாந்தி வந்து, வலி சுருட்டிப் பிடித்தால் உடனே ஓடி வர வேண்டும்.

அந்த இரண்டு வாரம் அவள் வாழ்க்கையிலேயே நீளமான இரண்டு வாரம். மாத்திரை இல்லாமல் முட்டி பழிவாங்கியது. டிரைவிங் ஸ்கூல் முதலாளியிடம் நேரில் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர், "ஆறு வருஷமா அந்தக் காலை நம்பித்தானே நான் பசங்களை அனுப்பினேன்?" என்றார். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வீட்டில் உட்கார முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. ஜன்னலில் போய் நிற்பாள். அலமாரியில் இருக்கும் டப்பாக்களை எடுத்துத் துடைத்து, மறுபடி அதே இடத்தில் வைப்பாள். சூப்பைக் குடித்துவிட்டு, இப்போது இரைப்பையில், இப்போது கதவைத் தாண்டியிருக்கும், இப்போது அந்த மோதிரத்தின் பக்கம் வந்திருக்கும் என்று கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போடுவாள். ஒவ்வொரு காலையும் அதே தேடல், அதே ஏமாற்றம். நாத்தனார் ஜன்னல் வழியாகக் கத்துவதை நிறுத்திவிட்டார். கீழே இறங்கி வந்து, முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் சூப் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போவார்.

பதினான்காம் நாள் எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது அடிவயிற்றுப் பக்கம், எலும்பின் நிழலுக்கு அருகில், அந்த மாத்திரை பளிச்சென்று தெரிந்தது. அதே இடம். ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

"வெட்டி எடுத்துடலாம்" என்றார் டாக்டர். "அந்தச் சுருங்கின துண்டையும், உள்ள இருக்கிற காமிராவையும் சேர்த்து. ஒரு ஜாண் நீளம்தான். மீதி குடல் அந்த வேலையைப் பார்த்துக்கும்."

அவள் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாள் படுத்திருக்கணும்?"

அறுவை சிகிச்சை இரண்டு மணி நேரம். விழித்தபோது கணவர் கட்டிலின் ஓரத்தில் அவள் வலது பாதத்தைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "மயக்கத்துல கட்டிலை உதைச்சிட்டே இருந்த. தையல் பிரிஞ்சிடும்னு நர்ஸ் பயந்தாங்க. அதான் பிடிச்சிட்டிருக்கேன்" என்றார்.

"எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்க. வேணுமான்னு கேட்டாங்க, கழுவி ஒரு டப்பாவுல போட்டு. வேண்டாம்னுட்டேன். வேணுமா?"

"வேண்டாம்னது நல்ல காலம்."

ஆனால் அடுத்த கவலை காத்திருந்தது. அறுத்துத் தைத்த குடல் கோபித்துக்கொண்டு தூங்கிவிடும், அது எழுந்தால்தான் வாய்வழி உணவு என்றார்கள். மூன்று வேளையும் யாராவது வந்து வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார்கள். முதல் நாள் சத்தமில்லை. இரண்டாம் நாளும் சத்தமில்லை. அந்த வார்டில் எல்லாரையும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "காத்து பிரிஞ்சுதா?" அவ்வளவு மரியாதையாக, அவ்வளவு அக்கறையாக அந்தக் கேள்வியை யாரும் எங்கும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"நடந்தா சீக்கிரம் முழிச்சுக்கும்" என்றார் வார்டு நர்ஸ். இத்தனை நாளில் அவளுக்குப் பிடித்த வைத்தியம் இப்போதுதான் கிடைத்தது. ஆனால் நடக்க முடியவில்லை. ஒரு பக்கம் தையல், மறுபக்கம் முட்டி. நாத்தனார் தோளைக் கொடுத்தார். தாழ்வாரத்தில் இருவரும் சுவரோரமாகப் போனார்கள், ஊர்வலம் மாதிரி மெதுவாக.

"இவ்வளவு மெதுவா நீ நடந்து நான் பார்த்ததில்ல" என்றார் நாத்தனார்.

"சிரிக்க வைக்காதீங்க அண்ணி, தையல் இழுக்குது."

"சிரிக்கச் சொல்லல. உண்மையச் சொன்னேன்."

கொஞ்ச தூரம் போனதும் அவள் நின்றாள். "அன்னைக்கு பஸ் ஸ்டாப்புல நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"நீ பேசுவ. நானும் பேசுவேன். நட" என்றார் நாத்தனார்.

மூன்றாம் நாள் விடியற்காலை வயிற்றுக்குள் ஏதோ உருண்டது. தூரத்தில் யாரோ மேஜையை இழுத்த மாதிரி ஒரு சத்தம். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்தாள். மறுபடி. பிறகு நீளமாக ஒரு கடகட. பக்கத்துக் கட்டில்காரி கண்ணைத் திறந்து, "உங்களோடதா?" என்றாள். அவள் தலையாட்டினாள். அதற்குப் பின்னால் நடந்ததைக் கேட்டு வார்டே கை தட்டாத குறை. மணியை அழுத்தி நர்ஸைக் கூப்பிட்டு, "பிரிஞ்சிடுச்சு!" என்று சொன்னபோது அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. சலூன்காரருக்குத் தேர்வில் பாஸ் ஆனபோது எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது.

முதலில் நாலு ஸ்பூன் தெளிந்த சூப் கொடுத்தார்கள். அவள் அதைக் குடிக்கவே பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டாள்.

வீடு வந்த பிறகு தேறுவதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. ரத்தம் ஏழிலிருந்து ஒன்பது, பிறகு பதினொன்றரை. மாடிப்படியில் இப்போது மூச்சு வாங்குவதில்லை, முட்டிதான் வாங்குகிறது. முட்டிக்கு வேறு டாக்டர். வேறு வழி. தினமும் கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கும் பயிற்சி. வலி இருக்கிறது. சில நாள் நிறையவே இருக்கிறது. அந்த நாட்களில் மாத்திரைக்கடை இருக்கும் தெருவைத் தவிர்த்து சுற்றுவழியில் போகிறாள். வலியோடு இருப்பது ஒரு வேலை, மாத்திரையை நினைக்காமல் இருப்பது இன்னொரு வேலை.

முதலாளி அவளைத் துரத்தவில்லை. ஆனால் காரிலும் ஏற்றவில்லை. ஆறு மாதம் அலுவலகத்தில் போன் எடுக்கச் சொல்லியிருக்கிறார், பிறகு முட்டி டாக்டர் எழுதித் தந்தால் பார்க்கலாம் என்று. அவளுக்கு அது தண்டனை மாதிரித்தான் இருக்கிறது. நாற்காலியில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் தாக்குப்பிடிப்பதில்லை. போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கும் மேஜைக்குமாக விந்தி விந்தி நடந்தபடி பேசுகிறாள். வாசலில் மற்ற டீச்சர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அவள் வலது கால் தரையை ஒருமுறை மிதிக்கும்.

போன வாரம் ஒரு பெண் போன் செய்து, தனக்குப் பயமாக இருக்கிறது, கார் கற்றுக்கொள்ள எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாள். மதிய நேரம். மேஜையில் டப்பா திறந்தபடி இருந்தது. அவள் வாயில் இருந்ததை முழுசாக மென்று விழுங்கிவிட்டு, எதிர்முனையில் இருந்தவள் "ஹலோ, ஹலோ" என்று இரண்டு முறை கூப்பிட்ட பிறகு, பதில் சொன்னாள்.

"இருக்கேம்மா. பயம் இருந்தா இருக்கட்டும். நாளைக்குக் காலையில வாங்க."